அள்ளிப் போட்டுப் போனால் போதுமா?

1966-ஆம் ஆண்டு, நவம்பர் திங்கள் 4-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திலே, பிட்ஸ்பர்க் நகரிலே, தேர்தல் பிரச்சாரக் கூட்டம். அரங்கு கொள்ளாத மக்கள். மேடையிலே டேவிட் லாரன்ஸ் முழங்கிக் கொண்டிருக்கிறார்.

யார் இந்த லாரன்ஸ்? உருக்காலைப் புகையிலே மூழ்கி, பட்டப் பகலிலே தெருவிளக்கு ஏற்ற வேண்டிய நிலையில் கிடந்த நகரைத் துடைத்துத் துலக்கிய மேயர். பதின்மூன்று ஆண்டு அந்தப் பதவி. பிறகு அந்த மாநிலத்துக்கே ஆளுநர். டில்லியிலிருந்து அனுப்பி வைக்கப்படும் ஆளுநர் போல அல்ல, தோழர்களே! மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆளுநர்!

பேச்சு பாதியிலே நின்றது. பெருமகன் சாய்ந்தார். மாரடைப்பு!

கூட்டத்திலிருந்த செவிலியர் ஒருவர் ஓடி வந்து உயிர்ப்பிக்க முயன்றார். வண்டியும் வந்தது. என்ன வண்டி? போலீஸ் வண்டி! குடித்துவிட்டுக் கலகம் செய்தவனையும், கத்தியோடு பிடிபட்டவனையும் அள்ளிப் போட்டுச் செல்லும் அதே வண்டி! ஏற்றினார்கள், ஓட்டினார்கள். மருத்துவமனை எட்டாத தூரத்திலே இல்லை. அங்கே மருத்துவர்கள் இதயத்தை மீண்டும் துடிக்க வைத்தார்கள். ஆனால், மூளை விழிக்கவில்லை. பதினேழு நாள் கிடந்தார்; நவம்பர் 21-இல் மறைந்தார்.

மேடையிலே செவிலியர் இருந்தார். மருத்துவமனையிலே மேதைகள் இருந்தனர். இடையிலே ஓடிய வண்டியிலே யார் இருந்தார்? அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் ஆள் இல்லை. மூச்சுக்காற்று கிடைக்காவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களிலே மூளை சாகத் தொடங்கும். மாநிலத்தை ஆண்டவர் என்பதற்காக மூளை ஏழாவது நிமிடம் வரை காத்திருக்குமா?

ஆண்டவர் ஒருவர் மாண்டதால் அது ஏடுகளிலே ஏறியது. ஆலைத் தொழிலாளியும் அடுக்களைப் பெண்ணும் நாளும் அப்படித்தான் போய்க் கொண்டிருந்தனர். எந்த ஏடு எழுதிற்று? அந்த நாளைய அமெரிக்காவிலே ஆம்புலன்ஸ் என்றால் என்ன என்பதை அதே 1966-இலே அந்நாட்டு தேசிய அறிவியல் கழகத்தின் ஓர் அறிக்கை புட்டுப் புட்டு வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு விபத்துகளிலே மாண்டோர் 1,07,000 பேர். அவர்களிலே சாலையிலே செத்தவர்கள் மட்டும் 49,000. நாட்டிலுள்ள ஆம்புலன்ஸ் பணியிலே சரிபாதியை நடத்தி வந்தவர்கள் யார் தெரியுமா? ஏறத்தாழ 12,000 பிண அடக்கத் தொழிலாளர்கள்! காரணம் கேளுங்கள்: அவர்களிடம்தான் மனிதனைப் படுக்க வைத்துக் கொண்டு போகும் நீள வண்டி இருந்தது! காலையிலே நோயாளி, மாலையிலே பிணம். அதே வண்டி, அதே ஆள். வியட்நாம் போர்க்களத்திலே குண்டடி பட்டவன் பிழைக்கும் வாய்ப்பு, அமெரிக்க நகரத் தெருவிலே அடிபட்டவனுக்கு இல்லை என்று களம் கண்டு திரும்பிய வல்லுநர்கள் சொன்னதாக அதே அறிக்கை குறித்தது. சந்திரனுக்கு ஆள் அனுப்பத் தயாராகிக் கொண்டிருந்த நாடு, சாலையிலே கிடந்தவனை மருத்துவமனைக்கு அனுப்ப வகையறியாது நின்ற காட்சி இது!

பிட்ஸ்பர்க்கிலே அந்தப் பணி போலீசாரிடம் இருந்தது. இரண்டு போலீஸ்காரர், இரண்டு பேரும் முன்னே. நோயாளி பின்னே, தன்னந்தனியே. மூச்சு அடைத்தால் அடைத்ததுதான். வாந்தி தொண்டையிலே சிக்கினால் சிக்கியதுதான். ஹில் டிஸ்டிரிக்ட் என்னும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்கோ அந்த வண்டியும் எப்போது வரும், வருமா என்பதே அய்யம். வந்தாலும், வண்டியிலே ஏறப் பலர் அஞ்சினர். நேற்று மகனை அடித்து இழுத்துச் சென்ற வண்டியிலே இன்று தாயை எப்படி ஏற்றுவது?

அந்த ஹில் பகுதிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1950-களிலே நகர மறுமலர்ச்சி என்று பேர் சொல்லி, அதன் கீழ்ப்பாதியை இடித்துத் தள்ளினார்கள். ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தனர். அங்கே ஒரு பெரிய அரங்கம் எழுந்தது. அந்த மறுமலர்ச்சியின் தலைமகன் வேறு யாருமல்ல, நாம் மேலே பார்த்த அதே லாரன்ஸ்தான். அவர் சாய்ந்த மறு ஆண்டு, அவருடைய திட்டத்தால் பிய்த்தெறியப்பட்ட அதே மக்களிடமிருந்துதான் அவருக்குக் கிடைக்காமற்போன மருத்துவம் பிறந்தது. வரலாறு சில நேரங்களிலே நாடகக்காரனையும் மிஞ்சி விடுகிறது.

1967-இலே மூன்று பேர் கை கோத்தனர். ஒருவர் பிலிப் ஹாலன். மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் தலைவர். மற்றொருவர் ஜேம்ஸ் மெக்காய். கறுப்பின மக்களுக்குத் தொழிலும் வேலையும் தேடித் தந்த 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்னும் அமைப்பை நடத்தியவர். மூன்றாமவர் டாக்டர் பீட்டர் சஃபார். வியன்னாவிலே பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய மயக்க மருந்து நிபுணர். வாயோடு வாய் வைத்து ஊதும் செயற்கைச் சுவாசமே அதுவரை கையாண்ட முறைகளைவிடச் சிறந்தது என்பதை 1950-களிலே மெய்ப்பித்தவர். முதலில் மூச்சுப் பாதை, அடுத்து மூச்சு, அதன் பின் குருதி ஓட்டம் என்று இன்று உலகெங்கும் முதலுதவிக்காரர் ஒப்பிக்கும் வரிசையை வகுத்தவர். அத்தகைய அறிஞரின் சிறு மகள், அதே 1966-இலே, ஆஸ்துமா முற்றி மாண்டாள். மூச்சைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்னவரின் வீட்டிலே மூச்சு நின்றது! அந்தத் துயரைச் சுமந்து கொண்டுதான் அவர் ஆம்புலன்ஸ் வேலையிலே இறங்கினார்.

ஆட்கள் யார்? அங்கேதான் இருக்கிறது சேதி. பட்டம் பெற்றவர்களையா தேடினார்கள்? பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவர்கள், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள், சிறை வாசலைக் கண்டு வந்தவர்களும் சிலர். 'இவர்கள் வேலைக்கு லாயக்கற்றவர்கள்' என்று ஊர் முத்திரை குத்தி ஒதுக்கி வைத்த கறுப்பின இளைஞர்கள். அவர்களை அழைத்து வந்து 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார் சஃபார். உடற்கூறு கற்பித்தார்; உடலியக்கம் கற்பித்தார்; இதய உயிர்ப்பு கற்பித்தார்; வண்டியைக் குலுக்காமல் ஓட்டவும் கற்பித்தார். அறுவை அரங்கின் உள்ளே அழைத்துப் போய்ப் பார்க்க வைத்தார்.

'தகுதி... தகுதி...' என்று பல்லவி பாடுவோர் நம் நாட்டிலேயும் உண்டல்லவா? அவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். தொடங்கிய முதல் ஆண்டிலே அந்த 'லாயக்கற்றவர்கள்' ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்கு ஓடினார்கள். 4,600-க்கு மேற்பட்டோரைச் சுமந்து வந்தார்கள். அவர்களிலே 200 பேர் இந்தப் பணியாலே உயிர் தப்பினர் என்பது சஃபாரின் கணக்கு. 1974-இலே நான்சி கரோலின் என்ற பெண் மருத்துவர் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார். தானே வண்டியிலே ஏறினார்; தெருவிலே மண்டியிட்டார்; ஒவ்வொரு நோயாளிக்கும் அவர்கள் செய்ததை ஒரு வரி விடாமல் கேட்டுத் திருத்தினார். பாராமெடிக் என்று இன்று உலகம் அழைக்கும் தொழிலுக்குரிய முழுமையான பாடநூல்களிலே முதன்மையானதை, 1979-இலே வெளியிட்டவர் அவர்தான். அமெரிக்க அரசு நாடு முழுதுக்கும் வகுத்த பாராமெடிக் பாடத்திட்டமும் அவர் கையாலே, அந்தக் கறுப்பினத் தோழர்களின் அனுபவத்திலிருந்தே எழுந்தது.

அப்படி என்ன செய்தார்கள் வண்டியிலே? மந்திரமா? இல்லை. எழுதி வைத்த விதி. எந்த அறிகுறிக்கு எது முதலில், எது அடுத்து, எந்த மருந்து எவ்வளவு, எப்போது மருத்துவரை ரேடியோவிலே கூப்பிட வேண்டும், எப்போது கூப்பிடாமலே செய்ய வேண்டும், எந்த மருத்துவமனைக்குத் திருப்ப வேண்டும் என்று முன்கூட்டியே அமர்ந்து, ஆராய்ந்து, கையெழுத்திட்ட விதி. நெறிமுறை என்கிறோம் இன்று. இந்தச் சொல் கேட்பதற்கு அலுவலகக் காகித வாடை வீசும். ஆனால், அதன் உள்ளே இருப்பது என்ன? மருத்துவப் பட்டம் பெறாத ஒரு மனிதனிடம், 'இந்த இடத்திலே நீதான் மருத்துவரின் கை. செய்' என்று அறிவை எடுத்துக் கொடுக்கும் துணிவு! அறிவு ஒரு சிலருக்கே உரியது என்று பூட்டி வைத்த பேழையின் சாவியை, பூட்டப்பட்டவன் கையிலேயே கொடுப்பது!

ஓர் எடுத்துக்காட்டு. தெருவோரத்திலே ஒருவன் தள்ளாடுகிறான். பேச்சுக் குழறுகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. தொட்டால் கையை உதறுகிறான். ஊர் என்ன சொல்லும்? 'குடிகாரன், கிடக்கட்டும்!' போலீஸ் வண்டி என்ன செய்யும்? லாக்கப்பிலே போடும். விதி என்ன சொல்கிறது? 'நினைவு தடுமாறும் எவருக்கும் முதலில் விரல் நுனியிலே ஒரு சொட்டுக் குருதி எடு. சர்க்கரை அளவு பார்.' பார்த்தால், அவன் இன்சுலின் போட்டுக் கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போன நீரிழிவுக்காரனாக இருக்கலாம்! குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடங்களிலே எழுந்து உட்கார்ந்து, 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று கேட்பான். லாக்கப்பிலே கிடந்தால் விடிவதற்குள் விறைத்துப் போவான். அவன் சாதி என்ன, சட்டை கிழிந்ததா, சாராயம் நாறுகிறதா என்பதையெல்லாம் அந்த விதி கேட்பதில்லை. சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது.

இதனால்தான் எனக்கு இந்த வறண்ட விதிப் புத்தகத்தின் மீது ஒரு தனிப் பற்று. முகம் பார்த்து மருத்துவம் செய்யும் உலகத்திலே, காயம் பார்த்து மருத்துவம் செய் என்று கட்டளையிடுகிறது அது. நெப்போலியன் படையிலே மருத்துவராக இருந்த லாரே என்பவர், குதிரை வண்டிகளைப் போர்க்களத்துக்குள்ளேயே ஓட்டிச் சென்று, தளபதியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையை அளந்து வரிசைப்படுத்தினார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இன்று அவசரப் பிரிவிலே பிரிக்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். 'அய்யா, அடிபட்டுக் குருதி கொட்டுகிறது. நீர் நடுத்தெருவிலே வண்டியை நிறுத்தி வைத்துக் கொண்டு விதி படிக்கிறீர். பறந்து போனால் அல்லவா பிழைப்பான்?'

நியாயமான கேள்வி. பொய் சொல்லி மழுப்பக் கூடாது. அதே பென்சில்வேனியா மாநிலத்திலே பிலடெல்பியா என்று ஒரு நகரம். துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவர்களைக் காவலரே தங்கள் வண்டியிலே அள்ளிப் போட்டுக் கொண்டு பறக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆராய்ந்து பார்த்தவர்கள், அப்படிக் கொண்டு போனவர்கள் ஆம்புலன்சிலே போனவர்களைவிட அதிகமாகச் சாகவில்லை என்றே கண்டனர். ஏன்? வயிற்றின் உள்ளே கிழிந்த நாளத்தைத் தெருவிலே தைக்க முடியாது. அறுவை அரங்கிலேதான் முடியும். அங்கே வேகமே மருந்து.

ஆனால், இதயம் நின்று போனவனை அப்படி அள்ளிக் கொண்டு ஓடினால்? வண்டியின் குலுக்கலிலே மார்பை ஒழுங்காக அழுத்த முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அய்ந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், இடைவிடாமல் அழுத்த வேண்டும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அது ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும் போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அவனுக்கு விழுந்த இடமே மருத்துவமனை. தொண்டையடைத்த குழந்தைக்கும் அப்படித்தான். கையிலே நாளம் அறுந்து பீறிடுகிறதா? முதலில் அழுத்திப் பிடி. நிற்கவில்லையா, மேலே கட்டு. அதற்குப் பிறகு ஓட்டு. பாம்பு கடித்ததா? நேர்மாறு! கீறாதே, உறிஞ்சாதே, கயிறு கட்டி இறுக்காதே, மந்திரிப்பவன் வாசலிலே நிற்காதே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போ.

பக்கவாதமோ இன்னும் நுட்பம். முகம் ஒரு பக்கம் கோணுகிறது, கை தளர்கிறது, பேச்சுக் குழறுகிறது. பக்கத்துத் தெருவிலே ஒரு மருத்துவமனை இருக்கிறது; அங்கே தலையை ஸ்கேன் எடுக்கும் கருவி இல்லை. அங்கே போய் இறங்கினால் அரை மணி போகும். அவர்கள் கைவிரித்து வேறிடம் எழுதிக் கொடுப்பார்கள். மறுபடி வண்டி, மறுபடி பயணம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே விதி சொல்கிறது: பக்கத்து மருத்துவமனையைத் தாண்டிப் போ, ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போ, போகும் போதே தொலைபேசியிலே சொல்லி, அவர்களை வாசலிலே காத்திருக்கச் செய்!

எங்கே நிற்பது, எங்கே பறப்பது என்பதை முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும்; அதிகாரம் வேண்டும். பிட்ஸ்பர்க் போலீஸ்காரரிடம் வேகம் இருந்தது. முடிவு செய்யும் அறிவை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. கேட்கும் எண்ணம் அவருக்கும் வரவில்லை.

சரி, அந்தக் கறுப்பினத் தோழர்களுக்கு நகரம் என்ன பரிசு கொடுத்தது? மாலையா? மணிமண்டபமா?

அழைப்புகளை அவர்களுக்குக் கொடுக்கப் போலீசாருக்கு மனமில்லை. போலீஸ் ரேடியோவை ஒட்டுக் கேட்டு, முந்திக் கொண்டு ஓடி உயிர் காத்தார்கள். மாரடைப்போடு கிடந்த வெள்ளையர் சிலர், கறுத்த கை தன் மேலே படக் கூடாது என்று முகம் சுளித்தார்கள். சாகும் போதும் சாகாத செருக்கு! நகரின் மற்றப் பகுதிகளிலே இருந்த வெள்ளையரோ, 'ஹில் பகுதிக்காரனுக்குக் கிடைக்கும் மருத்துவம் எங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்கத் தொடங்கினர். கேட்டது நியாயம். அதற்கு மேயர் பீட் ஃப்ளாகெர்டி கண்ட வழி என்ன? ஃப்ரீடம் ஹவுசை நகர் முழுதுக்கும் விரித்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. நகருக்கென்று புதிய துறை தொடங்கினார். 1975 அக்டோபர் 15-ஆம் நாளோடு ஃப்ரீடம் ஹவுஸ் வண்டிகள் நின்றன.

'எங்கள் ஆட்களை எடுத்துக் கொள்ள வேண்டும்' என்று நான்சி கரோலின் வாதாடினார். எடுத்துக் கொண்டார்கள். எடுத்துக் கொண்ட பிறகு, புதுப் புதுத் தேர்வு. பழைய வழக்கு உள்ளவனுக்கு வேலை இல்லை என்று புது விதி. ஒன்றாக உழைத்த குழுக்களைப் பிரித்து வீசினார்கள். ஆண்டுக்கணக்கிலே உயிர் காத்தவன், நேற்று வந்தவனுக்குக் கீழே பை தூக்கினான். ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். தாக்குப் பிடித்து நின்ற சிலரிலே ஜான் மூன் என்பவர், துறையின் துணைத் தலைவர் பதவி வரை ஏறி, 2009-இலே ஓய்வு பெற்றார். விதிப் புத்தகத்தை எழுத உதவிய கைகளுக்கே விதியைக் காட்டிக் கதவடைத்தார்கள். முன்னே சொன்னேனே, காயம் பார்க்கும் விதி என்று. அந்த நகரசபை, முகம் பார்ப்பதற்கென்றே சில விதிகளை எழுதிக் கொண்டது.

'அந்த ஊர்க் கதை நமக்கு எதற்கு?' என்பீர்கள்.

நம்முடைய தெருவிலே ஓடும் 108 வண்டியிலும் அதே தொழில் செய்யும் மனிதர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன். தமிழ்நாட்டிலே 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இலே, அண்ணாவின் பிறந்த நாளிலே, கலைஞர் ஆட்சியிலே தொடங்கிற்று. அதற்கு முன்பு கிராமத்திலே அடிபட்டவன் எப்படிப் போனான்? மாட்டு வண்டியிலே, மூன்று சக்கர வண்டியிலே, லாரியின் மூட்டைகளுக்கு மேலே! இன்று ஓட்டுநர் ஒருவர், அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர், தொலைபேசியின் மறுமுனையிலே மருத்துவர். மலைப்பாதையிலே வண்டியை ஓரங்கட்டிப் பிரசவம் பார்த்து, குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பிலே அணைத்துக் கொடுத்த செய்தி நம் ஏடுகளிலே அடிக்கடி வருகிறது. 'தாயும் சேயும் நலம்' என்று நான்கு வரி. அந்த நான்கு வரிக்குப் பின்னாலே எத்தனை பக்க நெறிமுறையை அந்த உதவியாளர் நெஞ்சிலே சுமக்கிறார்!

அவரை நாம் எப்படி நடத்துகிறோம்? அவர் சாலையோரத்திலே மண்டியிட்டு மார்பை அழுத்திக் கொண்டிருப்பார். சுற்றிலும் நிற்கும் கூட்டம், 'என்னய்யா தடவிக் கொண்டிருக்கிறாய்? எடு வண்டியை!' என்று கத்தும். சட்டையைப் பிடிப்போரும் உண்டு. பக்கத்து மருத்துவமனையைத் தாண்டினால், 'கமிஷனுக்குக் கொண்டு போகிறான்' என்று பழி. பணி நேரத்தைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் 108 ஊழியர் சங்கங்கள் பன்முறை குரல் எழுப்பின. எந்த ஆட்சி நடந்தாலும், அந்தக் குரலை மனுவாக வாங்கி மேசை அறையிலே போடுவது முறையல்ல என்று இந்தப் பத்தியிலே எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை. பன்னிரண்டு மணி நேரம் விழித்துக் களைத்த கை, மருந்தின் அளவிலே தவறினால் யாரைக் குற்றம் சொல்வது?

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. உயிருக்குப் போராடுபவனுக்கு, போலீஸ் வரட்டும், காகிதம் வரட்டும் என்று சொல்லாமல் மருத்துவம் செய்வது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-இலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இலே திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்திலே உதவ வந்தவனை வழக்கிலே இழுக்கக் கூடாது என்கிறது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவனுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் என்கிறது. 2021 டிசம்பரிலே மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்திலே சிக்கியவனின் முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. 'பணம் கட்டினால்தான் தொடுவோம்' என்ற பேச்சுக்குப் பூட்டுப் போட்ட திட்டம்.

ஆனால், இன்னொரு வண்டி இருக்கிறதே! பெரிய மருத்துவமனைகளின் வாசலிலே வரிசையாக நிற்கிறதே, வெள்ளை வேன், சிவப்பு எழுத்து, தலையிலே நீல விளக்கு! அவற்றிலே நல்லவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலவற்றின் உள்ளே எட்டிப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு சிலிண்டர், அதிலே காற்று இருக்கிறதா என்பது ஓட்டுநருக்கே தெரியாது, மருத்துவ உதவியாளர் இருக்கை காலி. நோயாளியின் மகனே பின்னால் உட்கார்ந்து அப்பாவின் தலையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். திரும்பும் வழியிலே பிணம் கிடைத்தால் அதற்கும் அதே வண்டி! பிணத்துக்கென்று இலவச அமரர் ஊர்தி தனியே ஓடும் நாட்டிலே! 1966-இலே அமெரிக்க அறிக்கை கண்டு வெட்கிய அதே காட்சியை, இத்தனை ஆண்டு கழித்து நாம் நம் மருத்துவமனை வாசலிலே வாடகைக்கு எடுக்கிறோம். போலீஸ் வண்டியிலாவது முன்னே இரண்டு பேர் இருந்தார்கள்; இங்கே ஒருவர்தான்.

ஆம்புலன்ஸ் என்று எழுதுவதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். பதிவு செய்யும் போது வண்டியின் நீளம் பார்க்கிறார்கள், புகை பார்க்கிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள். உள்ளே உட்காரப் போகிறவர் யார், அவர் எங்கே பயின்றார், எந்த நெறிமுறையைக் கைக்கொள்கிறார் என்று பார்க்கிறார்களா? அரசு வண்டிக்கு ஒரு விதி, தனியார் வண்டிக்கு விதியே இல்லை என்றால், நோயாளியின் இதயத்துக்கு எந்த வண்டியிலே நிற்பது என்று தெரியுமா? 108-க்கு உள்ள அதே நெறிமுறைப் புத்தகம் நீல விளக்குச் சுழலும் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம் ஆக வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர் இல்லாத வண்டி, 'நோயாளி ஊர்தி' என்று வேறு பெயரிலே ஓடட்டும். ஆம்புலன்ஸ் என்ற பெயரும் சைரனும் அதற்கு வேண்டாம். உதவியாளர் வேலைக்குப் பயிற்சி கொடுக்க, பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு ஊரிலே வேலையின்றி நிற்கும் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கிலே இருக்கிறார்கள். அவர்களால் முடியுமா என்ற கேள்விக்கு ஹில் டிஸ்டிரிக்ட் 300 மணி நேரத்திலே விடை சொல்லிவிட்டது.

தொடக்கமாக ஒன்று செய்யலாம். மாவட்டந்தோறும் பதிவான ஆம்புலன்ஸ்கள் எத்தனை, அவற்றிலே பயிற்சி பெற்ற உதவியாளர் உள்ளவை எத்தனை, ஓட்டுநர் மட்டுமே உள்ளவை எத்தனை என்று ஒரு பட்டியல். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலே வண்டிக் கணக்கு இருக்கிறது; சுகாதாரத் துறையிலே ஆள் கணக்கு எடுக்க முடியும். இரண்டையும் ஒரே தாளிலே எழுதி, ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாசலிலும் ஒட்டுவதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? அமைச்சர்கள் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறோம்.